நாஸ் பெட்டியிலுள்ள கோப்பு இணையத்தளத்தில் திறக்காதபோது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

மலையகத்தில் சிறிய அளவில் இணையத்தளம் நடத்தும் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் புகைப்பட நிலையங்களிலும் பெரும்பாலும் ஒரே விதமான ஏற்பாட்டைத்தான் காண முடியும். பாவித்த மேசைக் கணினி ஒன்றில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளமும் அப்பாச்சி என்னும் வலைச் சேர்வர் மென்பொருளும் இயங்கும். படங்களும் ஆவணங்களும் இரண்டு வன்தட்டுகள் பூட்டி, வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் நாஸ் பெட்டி ஒன்றில் இருக்கும். ரவுட்டர் இரண்டையும் இணைக்கும். இந்த வழிமுறை முழுவதற்கும் ஹட்டனில் இயங்கும் ஆவணக் காப்பகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தோட்டக் குடும்பங்கள் தங்கள் டிரங்குப் பெட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ்கள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் நிரப்ப நேர்ந்த விண்ணப்பப் படிவங்கள், செக்ரோல் என்னும் தோட்ட வேலைப் பதிவேட்டின் பக்கங்கள், லயன் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசையின் வாசலில் எடுத்த குடும்பப் படங்கள் ஆகியவை ஸ்கேன் செய்யப்பட்டு அந்தப் பெட்டியில் இருக்கின்றன. தாத்தாவின் பெயரைத் தேடி வரும் ஒருவருக்கு அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 என்ற எண் மட்டுமே தெரியுமானால், அத்தனை பேருடைய உழைப்பும் அவரைச் சென்றடையாமலே போகிறது. அதே நேரத்தில், பிழையைப் போக்கும் அவசரத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் 777 அனுமதி கொடுத்துவிட்டால், வெளியே போகக்கூடாத தனிப்பட்ட ஆவணங்களை அந்த வலையமைப்பில் உள்ள எவரும் படிக்கவும் அழிக்கவும் வழி பிறந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியையும் அதன் காரணம் வரை பின்தொடர்ந்து சென்று, தேவையான அளவுக்கு மட்டுமே திறந்துவிட வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உலாவியில் ஒரு படம் கேட்கப்படும்போது நாஸ் பெட்டியின் கதவைத் தட்டுவது வலைச் சேர்வர் என்னும் செயன்முறை. அதற்கென்று தனிப் பயனர் கணக்கு உண்டு. உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தக் கணக்கின் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அதன் எண் 33. ரெட் ஹேட் வழிவந்த முறைமைகளில் அப்பாச்சிக்கான கணக்கின் பெயர் அப்பாச்சி, எண் 48. உங்கள் கணக்கிலோ ரூட் என்னும் முழு அதிகாரக் கணக்கிலோ கோப்பு திறக்கிறது என்பதால் இந்தக் கணக்குக்கும் திறக்கும் என்று எண்ணிவிட முடியாது. எனவே எந்தச் சோதனையையும் சுடோ கட்டளைக்குள் அந்தக் கணக்கின் பெயரைக் கொடுத்து, அதன் இடத்தில் நின்றே செய்ய வேண்டும். சுடோ, மைனஸ் யூ, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அதன்பின் ஹெட் கட்டளை, கோப்பின் முழுப் பாதை என்று கொடுத்தால், அந்தக் கணக்கால் கோப்பின் முதல் வரிகளைப் படிக்க முடிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். படிக்க முடிந்தால் கோளாறு பெரும்பாலும் அப்பாச்சியின் அமைவில் இருக்கிறது; படிக்க முடியாவிட்டால் மவுண்டிலோ, அதாவது நாஸ் பெட்டியின் கோப்புறையைச் சேர்வரின் கோப்புறைபோல் இணைக்கும் ஏற்பாட்டிலோ, அனுமதியிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். அதனுடன் அப்பாச்சியின் பிழைப் பதிவையும் இன்னொரு சாளரத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். உலாவி காட்டும் எண்ணைவிட அந்தப் பதிவில் விழும் ஒரு வரி பல மடங்கு சொல்லும்.

உங்களுக்குத் திறக்கிறது, உலாவியில் 403 வருகிறது

பிழைப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ‘கிளையண்ட் டினைட் பை சேர்வர் கான்ஃபிகரேஷன்’ என்று, ஏஎச்01630 என்ற எண்ணுடன் வந்தால், நாஸ் பெட்டிக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பில்லை. மவுண்ட் செய்த கோப்புறையை அலியாஸ் என்னும் அமைவு வரி மூலம் தளத்தில் சேர்த்தவர், அதற்குரிய டைரக்டரி பகுதியில் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்ற வரியைச் சேர்க்க மறந்திருப்பார். 2012இல் வெளிவந்த அப்பாச்சி 2.4 முதல் இந்த வரி கட்டாயம். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இருக்கும் ‘ஆர்டர் அலோ, டினை’ என்ற முறை அதற்கு முந்திய காலத்தது. இரண்டையும் கலந்து எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். வரியைச் சேர்க்கும்போதே, கோப்புறையின் பட்டியலை வெளியே காட்டும் இன்டெக்சஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். காப்பகத்தின் ஒவ்வொரு படிவமும் ஒரு குடும்பத்தின் விவரங்களைத் தாங்கியிருக்கிறது; தேடி வந்தவருக்கு உரிய பக்கம் கிடைத்தால் போதும்.

‘பெர்மிஷன் டினைட்’ என்று 13 என்ற எண்ணுடன் வந்தால் உண்மையான அனுமதிச் சிக்கல். ‘சேர்ச் பெர்மிஷன்ஸ் ஆர் மிசிங் ஆன் எ கம்போனன்ட் ஆஃப் த பாத்’ என்ற சொற்களும் உடன் வந்தால், கோப்பை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ள கோப்புறைகளைப் பார்க்க வேண்டும். பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் உள்ளே நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் என்ற எழுத்தால் குறிக்கப்படுவது, சேர்வரின் கணக்குக்கு இருக்க வேண்டும். நேம்-ஐ கட்டளைக்கு மைனஸ் எல் விருப்பத்துடன் முழுப் பாதையையும் கொடுத்தால், வேர்க் கோப்புறையிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படிக்கும் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் மற்றவர்களுக்குரிய மூன்றாவது தொகுதியில் எக்ஸ் இல்லையோ அங்கேதான் வழி அடைபட்டிருக்கிறது. உபுண்டுவின் புதிய பதிப்புகளில் பயனரின் வீட்டுக் கோப்புறைக்கு, மற்றவர்களுக்கு எந்த உரிமையும் தராத 750 அனுமதியே கொடுக்கப்படுகிறது. ஆகவே நாஸ் பெட்டியை வீட்டுக் கோப்புறைக்குள் மவுண்ட் செய்தவர்களுக்கு இந்தப் பிழை தவறாமல் வரும். வீட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குப் பதிலாக, மவுண்ட் செய்யும் இடத்தை எஸ்ஆர்வி கோப்புறையின் கீழே மாற்றிக்கொள்வதே நல்லது.

இதற்கு நெருங்கிய இன்னொரு நிலையும் உண்டு. டெஸ்க்டொப்பில் கோப்பு மேலாளரைத் திறந்து, நாஸ் பெட்டியின் பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்றவர்களுக்குக் கோப்புகள் அழகாகத் தெரியும். ஆனால் அப்படித் திறக்கும் இணைப்பு உள்நுழைந்த அந்தப் பயனருக்கு மட்டுமே உரியது. வழக்கமான அமைவில் ரூட் கணக்குக்கும்கூட அதற்குள் நுழைய அனுமதி இல்லை. அந்தப் பாதையை அப்பாச்சிக்குக் கொடுப்பதால் எந்தப் பயனும் கிடைக்காது. மவுண்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் கோப்பில் முறையாக எழுதி, முறைமை முழுவதற்கும் பொதுவாக மவுண்ட் செய்வதே ஒரே வழி.

லினக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ் வழியே மவுண்ட் செய்திருந்தால், பெயரை மறந்து எண்ணை மட்டும் பாருங்கள். வழக்கமான அமைவில் சேர்வர் தன் பயனரின் எண்ணையும் குழு எண்களையும் மட்டுமே நாஸ் பெட்டிக்கு அனுப்புகிறது. சினொலொஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டி ஒன்றில் நீங்கள் உருவாக்கும் முதல் பயனரின் எண் 1026. ஸ்கேன் செய்தவர் அந்தக் கணக்கில் கோப்புகளை தமக்கு மட்டுமே திறக்கும் 700 அனுமதியுடன் போட்டிருந்தால், 33 என்ற எண்ணுடன் வரும் சேர்வர் அங்கே அந்நியன். ரூட் கணக்கில் முயன்றும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது என்றால் மிரள வேண்டாம். ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ரூட் கணக்கை நோபடி கணக்காக மாற்றிவிடுகிறது, அது சரியாகவே தன் வேலையைச் செய்கிறது. அதை நிறுத்துவது தீர்வாகாது. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று நாஸ் பெட்டியிலேயே அனுமதியை அமைத்துவிட்டால் படிப்பதற்கு அதுவே போதும். அல்லது சேர்வருக்கும் ஸ்கேன் செய்பவருக்கும் பொதுவாக ஒரே எண் கொண்ட குழு ஒன்றை இரு பக்கமும் உருவாக்கலாம். தனிப்பட்ட ஆவணங்கள் உள்ள காப்பகத்துக்கு நான் இதையே விரும்புவேன். குழுவில் சேர்த்த பின் அப்பாச்சியை முழுமையாக நிறுத்தி மீளத் தொடக்க வேண்டும், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைக்குப் புதிய குழு தானாக வந்து சேராது. எண்களும் அனுமதிகளும் சரியாகத் தெரிந்தும் மறுப்பு தொடர்ந்தால், நாஸ் பெட்டியின் பகிர்வுக் கோப்புறைக்கு வின்டோஸ் பாணி அனுமதிப் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறதா என்று அதன் நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். லினக்ஸ் பக்கத்தில் எல்எஸ் கட்டளை காட்டும் எழுத்துகளுக்கு மேலாக அந்தப் பட்டியலே இறுதி முடிவைச் சொல்கிறது.

வின்டோஸ் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறையில் நிலைமை வேறு. அங்கே நாஸ் பெட்டி பார்ப்பது மவுண்ட் செய்யும்போது கொடுத்த கணக்கை மட்டுமே. சேர்வரின் கணக்கால் என்ன செய்ய முடியும் என்பது லினக்ஸ் பக்கத்தில் யூஐடி, ஜிஐடி, ஃபைல் மோட், டிர் மோட் ஆகிய விருப்பங்களால் தீர்மானிக்கப்படுகிறது. அவற்றைக் கொடுக்காமல் மவுண்ட் செய்தால் எல்லாக் கோப்புகளுக்கும் ரூட் உரிமையாளராகிவிடும். படிக்க முடியும், எழுத முடியாது. அந்த நேரத்தில் சிஎச்மோட் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் உண்டு. அது பிழை எதுவும் காட்டாமல் முடியும், ஆனால் அனுமதி அப்படியே இருக்கும். மவுண்டைக் கழற்றி, சரியான விருப்பங்களுடன் மீண்டும் ஏற்றினால்தான் மாறும்.

ரொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ், ஃபெடோரா ஆகியவற்றில் இத்தனையும் சரியாக இருந்தும் 403 வந்தால் செலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். வலைச் சேர்வர் வலையமைப்புக் கோப்புகளைத் தொடுவதை அது இயல்பாகவே தடுக்கிறது. எச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் அல்லது எச்டிடிபிடி_யூஸ்_சிஐஎஃப்எஸ் என்ற பூலியன் ஆளியை, மீளத் தொடக்கிய பின்பும் நிலைக்கும்படி மைனஸ் பெரிய பி விருப்பத்துடன் செட்செபூல் கட்டளையால் இயக்க வேண்டும். செலினக்ஸையே நிறுத்திவிடுமாறு சொல்லும் ஆலோசனைகளை ஏற்க வேண்டாம். இணையத்துக்குத் திறந்திருக்கும் சேர்வர் ஒன்றில் அது மிகவும் பயனுள்ள காவல்.

கோப்பு இருக்கிறது, ஆனால் 404 வருகிறது

404 என்றால் கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். மவுண்ட் இருக்கிறதா என்பதை ஃபைன்ட்மவுண்ட் கட்டளையால் முதலில் உறுதிசெய்யுங்கள். மவுண்ட் விழுந்திருந்தால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். மவுண்ட் இருந்தும் 404 வந்தால் சிக்கல் பெயரில் இருக்கிறது. வின்டோஸ் கணினியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை, லினக்ஸில் பொருட்படுத்தப்படுகிறது. கமெரா பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று முடித்த பெயரைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், வின்டோஸில் சோதித்தபோது திறந்த படம் லினக்ஸ் சேர்வரில் கிடைக்காது.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘தோட்டம்’ என்ற சொல்லில் முதலில் வரும் ‘தோ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த என்ற அகரமேறிய எழுத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, 0பிசிபி என்று, சேர்ப்பது ஒரு விதம். முன்னே வரும் ஏகாரக் கொம்பு 0பிசி7, பின்னே வரும் கால் 0பிபிஇ என்று இரண்டு குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். விசைப்பலகை பொதுவாக முதல் விதத்தில் எழுதும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வன்தட்டுகளோ பெயர்களைப் பிரித்து இரண்டாம் விதத்தில் வைத்திருக்கும். ஆகவே யாரோ ஒருவர் தம் மக் கணினியிலிருந்து நாஸ் பெட்டிக்கு ஏற்றிய கோப்புகளில் ‘தோட்டம்’, ‘கொழுந்து’, ‘கொட்டகலை’ என்று பெயரிட்டவை மட்டும் திறக்காமலும், ‘தலவாக்கலை’, ‘மஸ்கெலியா’ என்று பெயரிட்டவை திறந்தும் இருக்கக்கூடும். இப்படி எழுத்தைப் பார்த்து ஆள் பிரிப்பதுபோல் கோப்புகள் நடந்துகொண்டால் காரணம் இதுவே. எல்எஸ் கட்டளையின் விளைவை எக்ஸ்எக்ஸ்டி கட்டளைக்குச் செலுத்திப் பார்த்தால், ‘தோ’ என்ற எழுத்துக்கு ஆறு பைட்டா ஒன்பது பைட்டா என்று எண்ணிவிடலாம். கான்எம்வி என்ற மென்பொருளை என்எஃப்சி விருப்பத்துடன் ஓட்டினால் எல்லாப் பெயர்களையும் முதல் விதத்துக்கு மாற்றித் தரும். முதலில் சோதனை ஓட்டமாக என்ன மாறும் என்று மட்டும் காட்டும். நோடெஸ்ட் விருப்பத்தைச் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.

தமிழ்ப் பெயர்களின் நீளமும் கவனிக்கத்தக்கது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கிறது. லினக்ஸின் வழக்கமான எல்லை 255 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். சினொலொஜி பெட்டியின் குறியாக்கம் செய்த பகிர்வுக் கோப்புறையில் எல்லை 143 பைட்டாகச் சுருங்குகிறது. அங்கே 47 குறியீடுகளுக்கு மேல் செல்லாது. பெற்றோர் பெயர், தோட்டம், பிரிவு, ஆண்டு எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் வழக்கம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இட்ட பெயர்கள் வேறொரு வகை. அந்த எழுத்துரு ஆங்கில விசைப்பலகையின் குறிகளையே தமிழ் வடிவில் காட்டுவதால், பெயரில் சேமிக்கப்படுவது அந்தக் குறிகளே. பாமினியில் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. ‘மூ’ என்ற எழுத்துக்குச் சதவீதக் குறி, ‘சூ’ என்ற எழுத்துக்கு எண் குறி. அந்தப் பெயர்கள் இணைய முகவரிக்குள் சென்றதும் எண் குறிக்குப் பின்னால் உள்ளது சேர்வருக்கே அனுப்பப்படாது. சதவீதக் குறியோ தன்னைத் தொடரும் இரண்டு எழுத்துகளைக் குறியீடாக நினைக்க வைத்து 400 அல்லது 404 பிழையைத் தரும். இத்தகைய கோப்புகளுக்கு எண்களாலான புதிய பெயர் கொடுத்து, தமிழ்த் தலைப்பைத் தரவுத்தளத்தில் யுனிகோடில் எழுதிவைப்பது நீண்ட காலத்துக்கு நல்லது. காப்பகப் பணியில் கோப்பின் பெயர் மாறாமல் இருப்பது முக்கியம். தலைப்பைப் பின்னர் எத்தனை முறையும் திருத்திக்கொள்ளலாம்.

மின்வெட்டுக்குப் பிறகு படங்கள் எல்லாம் காணவில்லை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மரம் முறிந்து மின்கம்பியில் விழுவதும், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடிமின்னல் வருவதும் வழமை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இங்கே சேர்வரை அமைப்பவர், மின்சாரம் முன்னறிவிப்பின்றிப் போய் வரும் என்பதை அமைவின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

மின்சாரம் திரும்பும்போது சேர்வரும் நாஸ் பெட்டியும் ஒரே கணத்தில் எழத் தொடங்குகின்றன. சேர்வர் விரைவில் தயாராகிவிடும். நாஸ் பெட்டி வன்தட்டுகளைச் சோதித்து எழ அதைவிட நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் மவுண்ட் முயற்சி தோற்றுப்போகிறது. எஃப்எஸ்டாப் வரியில் நோஃபெயில் விருப்பம் இருந்தால் சேர்வர் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து, அப்பாச்சியும் ஓடத் தொடங்கும். பாதை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. பார்ப்பவருக்கு எல்லாம் அழிந்துவிட்டதுபோல் தோன்றும். ஒன்றும் அழியவில்லை, மவுண்ட் கட்டளையை மைனஸ் ஏ விருப்பத்துடன் கொடுத்தால் எல்லாம் திரும்பிவரும்.

இதைவிடக் கெடுதலான விளைவு ஒன்று உண்டு. மவுண்ட் இல்லாத அந்த நேரத்தில் யாராவது தளத்தின் வழியே புதிய படங்களை ஏற்றினால், அவை சேர்வரின் சொந்த வன்தட்டில், வெறுமையாக இருக்கும் அந்தக் கோப்புறைக்குள் விழுகின்றன. பின்னர் நாஸ் பெட்டி மவுண்ட் ஆனதும் அவை அதன் அடியில் மறைந்துவிடும். இன்று ஏற்றிய படம் நாளை இல்லை என்று ஒருவர் முறையிட்டால், அதை நம்பி அடியில் தேடுங்கள். வேர்க் கோப்புறையை இன்னொரு வெற்றுக் கோப்புறையில் பைண்ட் மவுண்ட் செய்து, அதன் வழியே அதே பாதைக்குள் சென்றால் மறைந்த கோப்புகள் தெரியும். அவற்றை எடுத்து உரிய இடத்துக்கு மாற்றிய பின், மவுண்டைக் கழற்றிய நிலையில் அந்த வெற்றுக் கோப்புறைக்குச் சாட்டர் கட்டளையால் மாறா நிலையை, அதாவது பிளஸ் ஐ, இட்டுவிடுங்கள். இனி மவுண்ட் இல்லாதபோது எழுத முயன்றால் பிழை வரும். பிழை வருவது நல்லது. கோப்பு சத்தமின்றி மறைவதைவிட அது எவ்வளவோ மேல்.

வரிசைச் சிக்கலைத் தீர்க்க எஃப்எஸ்டாப் வரியில் நெட்டெவ் விருப்பத்துடன் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் விருப்பத்தையும் சேர்க்கலாம். அப்போது கோப்புறையை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். முதல் முயற்சி தோற்றாலும் அடுத்த முறை தொடும்போது மீண்டும் முயலும். டொக்கர் கொள்கலன் என்னும் தனித்த மென்பொருள் சூழலுக்குள் வலைச் சேர்வரை ஓட்டுபவர்கள், கொள்கலன் மவுண்டுக்கு முன்னரே எழுந்துவிட்டால் அதற்குள் வெற்றுக் கோப்புறையே தெரிந்துகொண்டிருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வெளியே மவுண்டைச் சரிசெய்த பின் கொள்கலனையும் மீளத் தொடக்க வேண்டும்.

ரவுட்டரும் மின்வெட்டில் அணைந்து எழுவதால் நாஸ் பெட்டிக்கு வேறு முகவரி கிடைத்திருக்கலாம். ரவுட்டரில் அதன் வன்பொருள் அடையாளமான மாக் முகவரிக்கு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தக் கேள்வி மீண்டும் எழாது. யூபிஎஸ் வாங்கும்போது நாஸ் பெட்டிக்கும் சேர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள். யூஎஸ்பி வழியாக யூபிஎஸ் நாஸ் பெட்டியுடன் பேசினால், மின்கலம் தீருமுன் அது தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும்.

மவுண்ட் கட்டளையே தோற்கிறது

எஸ்எம்பி மவுண்டில் வரும் எண்களுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு. 13 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, அல்லது அந்தக் கணக்குக்கு அந்தப் பகிர்வில் உரிமை இல்லை. கடவுச்சொல்லில் காற்புள்ளி இருந்தால் மவுண்ட் விருப்பங்களின் வரிசை அங்கேயே முறிந்துவிடும். பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்பில் எழுதி, கிரெடென்ஷியல்ஸ் விருப்பத்தால் சுட்டுவது பாதுகாப்பும் ஆகும். 2 என்றால் பகிர்வின் பெயர் தவறு. 112 என்று வந்து ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று சொன்னாலும், பிங் கட்டளைக்கு நாஸ் பெட்டி பதில் சொல்லுமானால், அது விழுந்துவிடவில்லை. நெறிமுறையின் பதிப்பு ஒத்துவரவில்லை. லினக்ஸ் கெர்னல் 4.13 முதல் எஸ்எம்பி முதற்பதிப்பு இயல்பாகப் பயன்படுத்தப்படுவதில்லை. பழைய பெட்டிக்காக வெர்ஸ் விருப்பத்தில் 1.0 என்று கொடுத்தால் மவுண்ட் ஆகிவிடும்தான். ஆனால் 2017 மே மாதத்தில் வானாகிரை தீநிரல் உலகெங்கும் பரவியது அந்த முதற்பதிப்பின் ஓட்டை வழியாகவே. நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3 பதிப்பை இயக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பெட்டியை என்எஃப்எஸ் வழியாகப் பயன்படுத்துங்கள்.

நேற்று வரை நடந்தது இன்று தோற்கிறது என்றால், நாஸ் பெட்டியின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய கடவுச்சொல்லுடன் சேர்வர் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, சில நாஸ் பெட்டிகள் அதைத் தாக்குதலாகக் கருதி சேர்வரின் முகவரியையே தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். அப்போது கடவுச்சொல்லைச் சரிசெய்வதோடு தடைப்பட்டியலிலிருந்தும் முகவரியை நீக்க வேண்டும்.

பக்கம் சுழன்றுகொண்டே இருக்கிறது, தளம் முழுவதும் உறைகிறது

என்எஃப்எஸ் மவுண்ட் இயல்பில் ஹார்ட் வகை. நாஸ் பெட்டி பதில் சொல்லாவிட்டால் அது எத்தனை நேரமானாலும் காத்திருக்கும். அப்பாச்சியின் ஒவ்வொரு செயன்முறையும் ஒரு படத்துக்காகக் காத்து நிற்க, கடைசியில் படம் எதுவும் இல்லாத முகப்புப் பக்கத்தைக் கொடுக்கவும் ஆள் இருக்காது. பிஎஸ் கட்டளையில் டி என்ற நிலையில் செயன்முறைகள் குவிந்திருப்பதும், டிஎஃப் கட்டளை பதில் தராமல் நிற்பதும் இதன் அடையாளம். நாஸ் பெட்டியை மீட்டால் செயன்முறைகள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சேர்வரை அவசரப்பட்டு அணைக்க வேண்டியதில்லை. சாஃப்ட் வகைக்கு மாறச் சொல்வோர் உண்டு. படிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்த காப்பகத்துக்கு அது ஏற்கத்தக்கது. எழுதும் மவுண்டில் பாதி எழுதிய கோப்பு அப்படியே நின்றுவிடும் ஆபத்து இருப்பதால் ஹார்ட் வகையை மாற்ற வேண்டாம்.

அடிக்கடி உறைந்து விடுபடுகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் அறைகளில், ஆர்ஜே45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், எட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டின் விளிம்பில் பச்சை நிறத்தில் பூத்திருப்பதைக் காணலாம். எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகத் தொட்டால்தான் கிகாபிட் வேகம் கிடைக்கும். நான்கு மட்டும் தொட்டால் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, நொடிக்கு 12 மெகாபைட் அளவில் நின்றுவிடும். ஈத்டூல் கட்டளை எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று சொல்லும். முனையைத் துடைத்துப் பயனில்லை. வெட்டிவிட்டுப் புதிய முனை போடுங்கள்.

சிறிய கோப்புகள் திறந்து பெரியவை மட்டும் நின்றுவிட்டால், யாரோ ஒரு பக்கம் மட்டும் பெரிய தரவுப் பொதிகளை அனுப்பும் ஜம்போ பிரேம் வசதியை இயக்கியிருக்கிறார்கள். துண்டாடக்கூடாது என்ற விருப்பத்துடன் 8972 பைட் அளவில் பிங் செய்து பாருங்கள். 1472 பைட் சென்று 8972 செல்லாவிட்டால் எல்லாச் சாதனங்களையும் வழக்கமான 1500 பைட் பொதி அளவுக்கே திருப்பிவிடுங்கள்.

படம் பாதியில் சாம்பல் நிறமாகிறது, அல்லது பழைய பிரதியே வருகிறது

கோப்பை நாஸ் பெட்டியில் திறந்தால் முழுமையாக இருக்கிறது, உலாவியில் மட்டும் கீழ்ப்பகுதி இல்லை என்றால், கோப்பை அனுப்பும் வேலையைக் கெர்னலிடமே விட்டுவிடும் சென்ட்ஃபைல் வசதியை நிறுத்துங்கள். வலையமைப்புக் கோப்புகளில் அதை நம்ப முடியாது என்று அப்பாச்சியின் ஆவணமே கூறுகிறது. 2.4 பதிப்பில் அது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கும்; என்ஜின்எக்ஸ் என்னும் இன்னொரு வலைச் சேர்வர் மென்பொருளில் பொதிகளுடன் வரும் அமைவுக் கோப்பு அதை இயக்கிவைத்திருக்கும். அப்பாச்சியில், கோப்பை நினைவகத்துடன் இணைத்துப் படிக்கும் எனேபிள்எம்மேப் வசதியையும் நாஸ் கோப்புறைக்கு நிறுத்துவது நல்லது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கோப்பை மாற்றினால் செயன்முறையே விழுந்துவிடும்.

திருத்திய படம் சிறிது நேரம் கழித்தே தெரிவது என்எஃப்எஸ் நினைவகத்தின் இயல்பு. கோப்பின் விவரங்களை அது 3 முதல் 60 நொடி வரை வைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் தாண்டியும் பழையதே வந்தால் உலாவியின் சேமிப்பைத் துடைத்துப் பாருங்கள்.

வின்டோஸில் எக்ஸ்ஏஎம்பிபி ஓடுகிறது, இசட் டிரைவ் தெரிகிறது, தளத்தில் இல்லை

அப்பாச்சியை வின்டோஸில் ஓட்டும் எக்ஸ்ஏஎம்பிபி தொகுப்பைப் பயன்படுத்தும் பாடசாலைக் கணினி அறைகளில் இது மிகப் பொதுவானது. இசட் என்ற எழுத்து உள்நுழைந்த பயனரின் அமர்வுக்கு மட்டுமே உரியது. சேவையாக ஓடும் அப்பாச்சிக்கு அப்படியொரு டிரைவ் இல்லை. அமைவில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக இரண்டு முன்சாய்கோடுகளுடன் நாஸ் பெட்டியின் பெயரையும் பகிர்வின் பெயரையும் எழுதி, நாஸ் பெட்டியில் உள்ள அதே பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட வின்டோஸ் கணக்கு ஒன்றில் சேவையை ஓட்டுங்கள். வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பின் பழைய பெட்டி திறக்காவிட்டால், அந்தப் பதிப்பு எஸ்எம்பி கையொப்பத்தைக் கேட்பதும் விருந்தினர் நுழைவை மறுப்பதும் காரணமாகலாம். கையொப்பத்தை நாஸ் பெட்டியில் இயக்கி, விருந்தினர் கணக்குக்குப் பதிலாகக் கடவுச்சொல்லுள்ள கணக்கைப் பயன்படுத்துங்கள்.

படிக்கலாம், புதிதாக ஏற்ற முடியவில்லை

பகிர்வு படிப்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கலாம், இடம் தீர்ந்திருக்கலாம், பயனர் ஒதுக்கீடு முடிந்திருக்கலாம். டச் கட்டளையால் சேர்வரின் கணக்கில் வெற்றுக் கோப்பொன்றை உருவாக்க முயன்றால் வரும் பிழைச்செய்தி எது என்று சொல்லிவிடும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்து, பகிர்வின் அமைவும் சரியாக இருந்தால், மின்வெட்டில் பாதிக்கப்பட்ட சேமிப்புத் தொகுதியை நாஸ் பெட்டியே பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கலாம். அந்த நிலையில் எதையும் எழுத முயலாமல், முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றுக்குப் பிரதி எடுத்த பின்பே நாஸ் பெட்டியின் பழுதுபார்ப்பைத் தொடக்குங்கள்.